தலையில்லாத தீக்குச்சிகள்

கீழ் வீட்டு மனிதர் செத்துப்போன பிறகும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை. டிவி மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. நேர் மேலே குடியிருந்த பூட்டுக்காரருக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. துடைப்பக்கட்டையால் தரையில் இடித்தார். குறையவில்லை. மறுநாள் இன்னும் ஓங்கி இடித்தார். அப்போதும் குறையவில்லை. மட்டு மரியாதை தெரியாத ஜென்மம் என்று மனைவியிடம் பொருமினார்.

பிறகு படிக்கட்டில் நாற்றம் வந்தது. வாட்ச்மேன் போலீஸைக் கூப்பிட்டார். வந்த போலீஸ்காரர் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, ஒரு பூட்டுக்காரரைக் கூட்டிவரச் சொன்னார். அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு மாடி ஏறினால் போதும்.

பூட்டுக்காரர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தார். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். நாற்காலியில் அவர். எதிரே டிவியில் ஒரு பெண், எப்பேர்ப்பட்ட கறையும் ஒரே அலசலில் போய்விடும் என்று சிரித்துக்கொண்டிருந்தாள். ரிமோட் அவர் கையில் இருந்தது. அதை எடுத்து அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இவர் பேர் என்ன என்று போலீஸ்காரர் கேட்டார். தெரியாது. சொந்தக்காரர்கள்? தெரியாது. என்ன வேலை பார்த்தார்? அதுவும் தெரியாது. நேர் மேல் வீட்டில் இருந்துகொண்டு பின்னே என்னதான் தெரியும் என்று போலீஸ்காரர் எரிச்சலாகக் கேட்டார்.

"டிவி வச்சிருந்தார்," என்றார் பூட்டுக்காரர்.

வீட்டுக்கு வந்து சோப்பு கரையக் கரையக் கை கழுவினார். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான். ஊரில் எந்தக் கதவும் அவருக்குத் திறக்கும். சொந்த வாய் மட்டும் திறக்காது. கல்யாணம் ஆன புதிதில் அவளுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. பிள்ளை குட்டி என்று ஒன்றும் இல்லாமல் காலம் போகப் போக, அது வெறும் சத்தமில்லாத வீடாகத் தெரிந்தது.

அன்று சாப்பாட்டை வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க, அந்த மனுஷனை அத்தனை தடவை தட்டிக் கூப்பிட்டீங்களே. பதில் வரலையேன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"நான் கூப்பிடலை. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன்."

"அதுக்கும்தான் பதில் வரலை."

அவர் சாப்பாட்டைப் பார்த்தார். சாப்பாடு அவரைக் காப்பாற்றவில்லை.

"இந்தக் கட்டடத்துல அப்படி நாறிப் போக எனக்கு இஷ்டமில்லை," என்றாள். "மாசக் கடைசிக்குள்ள அக்கம்பக்கத்து ஆளுங்க நாலு பேரு இந்த வாசப்படி தாண்டி வரணும். உக்காரணும். பேசணும். எப்படிக் கூட்டிட்டு வருவீங்களோ எனக்குத் தெரியாது. வரலைன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். போனா திரும்பி வரமாட்டேன்."

"நான் இருக்கேனே."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"அதுவும்தான் இருக்கு," என்றாள்.

சும்மா மிரட்டல் என்றுதான் அவர் நினைத்தார். மறுநாள் கட்டிலுக்கு அடியிலிருந்து பை வெளியே வந்துவிட்டது. மடித்த துணிகள், துண்டு, சீப்பு, அவளுடைய எவர்சில்வர் டம்ளர். டம்ளரைப் பார்த்து அவருக்குக் குழப்பமாக இருந்தது. அண்ணன் வீட்டில் டம்ளர் கூடவா இல்லை? கேட்க நினைத்தார். வழக்கம்போல நினைத்ததோடு நின்றுவிட்டார்.

ஆனால் பயம் வந்துவிட்டது. ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். அந்த அறை அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. அவள் போய்விட்டால் அந்த அறைக்கும் இந்த வீட்டுக்கும் வித்தியாசம் ஒரு மாடிதான்.

கட்டடத்தையே கூட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் உட்கார வைக்கிறேன், என்று சபதம் எடுத்தார். வாய்க்குள்தான்.

எதிர் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். அங்கே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா தனியாக இருந்தார். இழுப்பு நோய்க்காரர். பூட்டுக்காரர் தலை வாரிக்கொண்டு போய் மணியை அழுத்த விரலை நீட்டினார். நீட்டிய விரல் நீட்டியபடியே நின்றது. கதவு திறந்தால் என்ன சொல்வது? என் மனைவிக்கு உங்களோடு பேச வேண்டுமாம் என்றால் பைத்தியக்காரன் என்பார்கள். டீ குடிக்க வாங்க என்றால் எதையோ விற்க வந்தவன் என்பார்கள். விரலை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வாழ்க்கையில் அவராகப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியதே இல்லை. பூட்டு கெட்டால் ஜனங்கள் கூப்பிடுவார்கள். போவார். சரி செய்வார். வருவார். பூட்டு கெடாத மனிதர்களிடம் அவருக்கு என்ன பேச்சு?

அங்கேதான் அந்த யோசனை பிறந்தது. பூட்டு கெட்டால்தானே வருவார்கள். கெடுத்துவிட்டால் போச்சு!

அந்தக் கட்டடத்தில் எல்லாக் கதவுக்கும் ஒரே மாதிரிப் பழைய பூட்டு. சாவித் துவாரம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவி இருக்கும். ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டு ஒடித்தால் போதும், சாவி நுழையாது. வெளியே மாட்டிக்கொண்டவர் எங்கே போவார்? பூட்டுக்காரர் வீட்டுக்குத்தான். அவர் சாவகாசமாக வேலை பார்ப்பார். அதுவரை வந்தவர் உள்ளே உட்கார்ந்து மனைவியோடு பேசிக்கொண்டிருப்பார். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். தொழிலில் சுத்தம் பார்க்கிறவர் ஆதலால் தீக்குச்சியின் தலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெறும் குச்சியை மட்டும் பயன்படுத்தினார். மருந்து உள்ளே உதிர்ந்தால் பூட்டு துருப்பிடித்துவிடும். அடுத்தவர் பொருளை அப்படிக் கெடுக்கக் கூடாது பாருங்கள்.

முதல் பலி கணக்கு வாத்தியார். அதே மாடியில் கோடி வீடு. பெண்டாட்டி போன பிறகு தனி ஆள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாவியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, சுண்ணாம்புத் தூள் படிந்த கையோடு வந்து நின்றார். பூட்டுக்காரரின் மனைவி அவரை உள்ளே வரச் சொன்னாள். வாத்தியார் அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள், நீங்க கோடி வீடுதானே, பேசிப் பழக்கமே இல்லையே என்று குறுக்கே விழுந்தாள். வாத்தியார் ஒரு விநாடி விழித்தார். பிறகு ஆமாம் ஆமாம் என்றார். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை வேண்டுமா என்று கேட்கவில்லை, போடவும் இல்லை. வாத்தியார் ரசித்துக் குடித்தார். பூட்டுக்காரர் இதில் எதையும் கவனிக்கவில்லை. சாவித் துவாரத்துக்கு வெளியே எதையும் கவனித்து அவருக்குப் பழக்கமில்லை.

ஒரே ஒரு கோளாறு. டீயைக் கொடுத்த கையோடு அவள் சமையலறைக்குள் போனவள்தான், வெளியே வரவே இல்லை. வாத்தியார் எழுந்து வந்து, குனிந்து வேலை பார்க்கிற பூட்டுக்காரரின் தலைக்கு மேலே நின்றுகொண்டு, ஒரு பூட்டுக்கு எத்தனை விதமான சாவி சாத்தியம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். பூட்டுக்காரர் ம் போட்டார். வாத்தியார் விடவில்லை. கடைசியில் அந்தக் கணக்கு தப்பு என்று பூட்டுக்காரரே சொல்லும்படி ஆகிவிட்டது. வாத்தியாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஏன் தப்பு என்று கேட்டார். விளக்க வேண்டியதாயிற்று.

அவர் போன பிறகு பூட்டுக்காரர் மனைவியிடம் ஆவலாகக் கேட்டார்.

"பேசினியா?"

"எங்க பேசறது? அடுப்புல வேலை. நீங்கதான் பேசிட்டே இருந்தீங்க."

"நான் ம்-னுதான் சொன்னேன்."

"எனக்கு அதுகூடக் கிடைக்கிறதில்லையே," என்றாள். பையைத் தூசி தட்டிப் பக்கத்தில் வைத்தாள்.

அடுத்தது மேல் மாடி வீட்டு ரொட்டிக்காரர். பேக்கரியில் இரவெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டு விடிந்த பிறகு வருவார். தூங்குவதும் எழுந்து வேலைக்குப் போவதும் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர். பூட்டில் சாவி போகாமல் சூடான ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தார். அவள் டீ போட உள்ளே போனாள். அவர் பூட்டுக்காரரின் நாற்காலியில் சாய்ந்து, தனியாக வாடகைக்கு இருக்கிறவன் காய்ச்சலில் படுத்தால் எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்து, பாதிப் பேச்சில் தூங்கிப்போனார். பூட்டை எப்போதோ சரி செய்தாயிற்று. தூங்குகிறவரை எழுப்பப் பூட்டுக்காரருக்கு வாய் வரவில்லை. தன் வீட்டில் உட்கார நாற்காலி இல்லாமல் மத்தியானம் வரை வாசலில் நின்றார்.

அன்றைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பை இன்னும் கொஞ்சம் பருத்திருந்தது.

பூட்டுக்காரர் தீவிரமாக யோசித்தார். வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அதுதான் குறை. குச்சியை இடுக்கியால் இழுத்தால் வந்துவிடுகிறது. நேரம் பிடிக்கிற மாதிரி செய்ய வேண்டும். அப்போதுதான் அவளும் அடுப்பு வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார முடியும். குச்சியைப் பசையில் தோய்த்தார்.

அந்தக் குச்சி நர்ஸம்மாவுக்கு.

நர்ஸம்மா காலையில் நடக்கப் போவார். எதிர்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. படிக்கட்டு அமைதியாகும் வரை காத்திருந்து, போய்ச் செருகி ஒடித்துவிட்டு வந்தார். செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கேட்டது போகும்போது சாத்தின சத்தமில்லை. இழுப்பு வந்து பாதி வழியில் திரும்பிய நர்ஸம்மா உள்ளே வந்து பூட்டிக்கொண்ட சத்தம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டல் கேட்டது. பூட்டுக்காரர் முதலில் அசையவில்லை. சத்தம் என்றால் எரிச்சல்படுவதுதான் அவருக்குத் தெரிந்த வழக்கம். அடுத்த தட்டல் எதிர்க் கதவுக்கு உள்ளேயிருந்து வந்தது. செய்தித்தாள் கையிலிருந்து நழுவியது.

உள்ளே மூச்சு விசில் அடிப்பது வெளியே கேட்டது. பூட்டு திறக்கவில்லை என்று நர்ஸம்மா துண்டு துண்டாகச் சொன்னார். மூச்சிழுக்கிற மருந்துக் குப்பி காலி. வாங்கத்தான் கிளம்பியிருக்கிறார். பூட்டுக்காரரின் மனைவி ஓடி வந்தாள். கோடி வீட்டு வாத்தியாரையும் மாடி ரொட்டிக்காரரையும் பேர் சொல்லிக் கத்தினாள். அவர்களுக்குப் பேர் இருப்பதே பூட்டுக்காரருக்கு அப்போதுதான் தெரியும். அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. வாத்தியார் காலில் செருப்பில்லாமல் மருந்துக் கடைக்கு ஓடினார். ரொட்டிக்காரர் டார்ச்சைப் பிடித்தார். பூட்டுக்காரர் இடுக்கியை விட்டு இழுத்தார். பசை கல்லாக இறுகியிருந்தது. குச்சி வரவில்லை. இடுக்கியின் நுனி ஒடிந்து அதுவும் உள்ளே மாட்டிக்கொண்டது.

மனைவி தரையில் உட்கார்ந்து கதவின் அடி இடுக்கில் வாயை வைத்தாள்.

"நர்ஸம்மா, நீங்க பேசாதீங்க. நான் பேசறேன். நீங்க தட்டுங்க, போதும். தட்டினா இருக்கீங்கன்னு அர்த்தம்."

உள்ளேயிருந்து ஒரு தட்டல்.

அவள் பேசினாள். அடுக்கி வைத்த பாத்திரம் சரிந்ததைப் பேசினாள், வெயிலைப் பேசினாள், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே நிறுத்தினாள். ஒரு தட்டல் வரும். பிறகு தட்டல் தாமதமாக வந்தது. பிறகு தட்டலுக்குப் பதில் விரலால் கீறுகிற சத்தம் வந்தது. பூட்டுக்காரர் இடுக்கியை எறிந்தார். துளை போடுகிற மிஷினை எடுத்து, வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு பூட்டை அழகு பார்க்காமல் பெயர்த்தார். பூட்டின் முகம் கழன்று விழுந்தது. நாக்கு மட்டும் இன்னும் சட்டத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை, ஆனால் கை நுழைகிற ஓட்டை ஒன்று வந்திருந்தது. மூச்சிரைக்க வந்து நின்ற வாத்தியாரிடமிருந்து மருந்துக் குப்பியைப் பிடுங்கி அந்த ஓட்டையில் நீட்டினார். உள்ளேயிருந்து ஒரு கை வந்து அதை எடுத்துக்கொண்டது. கை நீலம் பாரித்திருந்தது.

யாரும் மூச்சுவிடவில்லை, நர்ஸம்மா மூச்சுவிடும் வரை.

கதவு திறந்ததும் அவரைத் தூக்கி வந்து பூட்டுக்காரர் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வாத்தியார் தரையில் உட்கார்ந்தார். ரொட்டிக்காரர் சுவரில் சாய்ந்தார். அந்த வீட்டில் அத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்து பூட்டுக்காரர் பார்த்ததில்லை. இதற்குத்தான் அவ்வளவு பாடும்.

"நர்ஸம்மா, அந்தப் பூட்டு..." என்று ஆரம்பித்தார்.

"பழசு," என்றார் நர்ஸம்மா. "என்னை மாதிரி." பழக்க தோஷத்தில் பூட்டுக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தார். பிறகு அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையை விட்டார். மனைவி கொதிக்கிற டீயைப் பூட்டுக்காரர் கையில் திணித்தாள். வாய் மூடிக்கொண்டது.

அத்தோடு முழுக்குப் போட்டார். தீப்பெட்டியை அடுப்படியில் வீசினார். நர்ஸம்மாவின் கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டிக் கொடுத்தார். எத்தனை பேர் வந்தாலும் வராவிட்டாலும் சரி, அவள் போனால் போகட்டும், இன்னொரு கதவில் கை வைக்க மாட்டேன் என்று முடிவு கட்டினார். மாசக் கடைசி நெருங்கியது. பையின் வாய் மூடியிருந்தது.

மறுநாள் ரொட்டிக்காரர் வந்தார். பூட்டில் சாவி போகவில்லையாம்.

பூட்டுக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஓடினார். போய்ப் பார்த்தார். உள்ளே தீக்குச்சி. அடுத்த நாள் வாத்தியார் வீட்டில். அதற்கு அடுத்த நாள், அவரே மாட்டிய புதுப் பூட்டில், நர்ஸம்மா வீட்டில். தினமும் யாராவது ஒருவர் வெளியே மாட்டிக்கொண்டு, பூட்டுக்காரர் வீட்டுக்குள் வந்து, டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தொடவே இல்லை. கீழ் வீட்டு மனிதரின் ஞாபகம் வந்தது. இடி இடி என்று இடித்தேனே, இப்போது அவர் முறையா? பேய்க்குத் தீக்குச்சி எதற்கு என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. ராத்திரி தரையில் காலை வைக்கவே கூசினார்.

பேயைக் காட்டிக் கொடுத்தது தொழில்தான். ஒரு நாள் ரொட்டிக்காரர் வீட்டுப் பூட்டிலிருந்து இழுத்த குச்சியை வெளிச்சத்தில் பார்த்தார். நுனியில் சிவப்பாக மருந்து இருந்தது. தலையுள்ள குச்சி. அவருடைய குச்சி எதுவும் தலையோடு போனதில்லை. செத்தவனோ உயிரோடிருப்பவனோ, இது தொழில் தெரியாத கை. பயம் போய்க் கோபம் வந்தது.

மறுநாள் படிக்கட்டு வளைவில் ஒளிந்து நின்றார். கணக்கு வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். தன் வீட்டுப் பூட்டில் தானே ஒரு குச்சியைச் செருகி, பக்குவமாக ஒடித்தார்.

பூட்டுக்காரர் வெளியே வந்தார். வாத்தியார் திருடன் மாதிரி விழித்தார்.

"நீங்க என்ன சார் பண்றீங்க?"

"இன்னைக்கு என் முறை," என்றார் வாத்தியார், பரிதாபமாக. "உங்க வீட்டம்மாதான் முறை போட்டுக் கொடுத்தாங்க."

பூட்டுக்காரர் வீட்டுக்குள் போய், மனைவியின் முன்னால் தலையுள்ள குச்சியை வைத்தார். அவள் அலமாரியைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். உள்ளே சிவப்புச் சிவப்பாகத் தீக்குச்சித் தலைகள்.

"துவைக்கிறப்போ உங்க சட்டைப்பையில இருந்துச்சு. காது குடையறீங்கன்னு நெனச்சேன். அந்தம்மா கதவுலதான் குச்சியோட உடம்பைப் பாத்தேன்."

அவர் உட்கார்ந்தார்.

"அன்னைக்கே அவங்ககிட்ட சொல்லி அழுதேன். அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். உங்க நாடி பயத்துல குதிரையா ஓடிச்சாம். போலீஸ் வேண்டாம், இந்த ஆளைத் தனியா மட்டும் விட்டுடாதேன்னாங்க."

"உனக்கு அவங்களோட பேசிப் பழக்கமே இல்லையே."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட எல்லாரும் வருவார்கள், வருஷக்கணக்காகப் பழக்கம் என்றாள். ரொட்டிக்காரருக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி போனது இந்த வீட்டிலிருந்துதான். வாத்தியாருக்குச் சர்க்கரை வியாதி என்பது அவர் சொல்வதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். கொடிக்கு வராத ஆட்களை மட்டும்தான் அங்கே யாருக்கும் தெரியாது. கீழ் வீட்டு மனிதர் துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டுக்கொண்டார்.

"அவரும் நீங்களும்தான். உங்க சட்டையை எல்லாருக்கும் தெரியும். உங்களை ஒருத்தருக்கும் தெரியாது."

"பின்னே எதுக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வரச் சொன்னே? அண்ணன் வீட்டுக்குப் போறேன்னியே?"

"எங்கண்ணி என்னை ஒரு வேளை வச்சுக்குவாளா? உங்களுக்காகப் பழகுங்கன்னு சொன்னா நீங்க எழுந்திருக்க மாட்டீங்க. எனக்காகன்னா எதையாவது செய்வீங்கன்னு தெரியும். போய் நாலு வீட்டு மணியை அடிப்பீங்கன்னு நெனச்சேன். பூட்டுல குச்சி விடுவீங்கன்னு கண்டேனா?"

அவர் பையைப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் டம்ளர் புடைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் வீடு இல்லையென்றால் டம்ளரைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாள்? சொந்த டம்ளர் கொண்டு போகிற இடம் ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

"ஆஸ்பத்திரி," என்றாள் அவள். "வயித்துல கட்டி. வெட்டி எடுத்துப் பாத்தாத்தான் என்னன்னு தெரியுமாம். மாசக் கடைசியில வரச் சொல்லியிருக்காங்க."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன சொல்வீங்க?"

ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது. எத்தனையோ வருஷமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தார்.

"ம்," என்றார்.

"அதான்," என்றாள். பிறகு அவர் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். "வந்தா வர்றேன். வரலைன்னா நீங்க எப்படி இருப்பீங்க? அந்த மனுஷனாவது டிவி போட்டு வச்சிருந்தாரு. நீங்க அதுகூடப் போட மாட்டீங்களே."

மாசக் கடைசியில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நர்ஸம்மா கூட வந்து, எந்தப் படுக்கைக்குக் காற்று வரும் என்று அங்கிருந்தவர்களிடம் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார். வெட்டி எடுத்தார்கள். என்ன கட்டி என்று கேட்டதற்கு டாக்டர், பார்க்கலாம் என்றார். மறுநாள் கேட்டபோதும் அதையே சொன்னார். அவள் துணி மாதிரிக் கிடந்தாள். அவர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பார்வை நேரம் முடிந்ததும் கிளப்பிவிட்டார்கள். வழியில் யாரோடும் பேசாமல், தன் வீட்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, விளக்குப் போடாமல் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

சாவியை நீட்டினார். போகவில்லை.

டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தார். குச்சி. தலை இல்லை. பசை வாசனை வேறு. யாரோ தொழிலைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். மிஷினும் இடுக்கியும் கதவுக்கு அந்தப் பக்கம். எதிர்க் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வாத்தியார் யாருக்கோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ரொட்டி வாசனை வந்தது. பூட்டுக்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் போனை எடுத்து மனைவிக்கு அடித்தார்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் எடுத்தாள். குரல் நூலாக இருந்தது.

"வீட்டுக்குள்ள போக முடியலை," என்றார். "பூட்டு கெட்டுக் கிடக்கு."

"அப்படியா?" என்றாள். "யாராவது நல்ல பூட்டுக்காரராப் பாத்துக் கூப்பிடுங்க. அவர் வர்ற வரைக்கும் நர்ஸம்மா வீட்ல போய் உக்காந்திருங்க."